பத்து ரூபாய் முதலாளி

அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஏரிக்குப் போகிற வழியில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை திறந்தார்கள். மெம்பராகச் சேர நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய், பங்குப் பணம் பத்து ரூபாய். பால் விற்றுச் சேர்த்த காசைக் கட்டிச் சேர்ந்தேன். வீடு என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. எருமை மாமியார் வாங்கியது. என் பெயரில் இருந்தது அந்த மெம்பர் அட்டை ஒன்றுதான்.

சேர்ந்த அன்றைக்குக் குமாஸ்தா மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் பெயரின் ஐந்து எழுத்தையும் கோணாமல் போடுவேன். எங்கள் தெருவில் வேறு எந்தப் பெண்பிள்ளைக்கும் கையெழுத்து வராது. இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. பேச்சு அந்தப் பக்கம் வரும்படி பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

மெம்பருக்குச் சர்க்கரையும் பருப்பும் வெளிக்கடையைவிட விலை குறைவு. புளியும் மிளகாயும் கூடுதல். இருந்தாலும் எல்லாம் அங்கேதான் வாங்கினேன். வாங்கின சாமானுக்குத் தக்கபடி வருஷக் கடைசியில் ரிபேட் என்று கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அதோடு, பங்கு போட்டவர்கள் எல்லாரும் கடைக்கு முதலாளிகள் என்று செக்ரட்டரியே சொல்லியிருந்தார். முதலாளி தன் கடையில் விலை பார்த்து வாங்கலாமா? மிளகாயைத்தான் கொஞ்சம் குறைத்துப் போட்டேன்.

"இன்னா மொதலாளி, கொயம்புல காரத்தயே காணோம்? கடைல ஸ்டாக் இல்லியா?" என்பார் என் வீட்டுக்காரர்.

பக்கத்து வீட்டு அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஏழு பிள்ளைகள். அவளையும் மெம்பராகச் சேரச் சொன்னேன்.

"மொதல்ல கடைக்கு நா பத்து ரூபா குடுக்கணும். அப்பால மறுபடியும் துட்டு குடுத்து சக்கர வாங்கணும். இன்னாமே நாயம் இது?"

"நீயும் மொதலாளி ஆவலாம்க்கா."

"நீ ஆயிட்டல்ல, போதும். உன் அட்டையக் குடு."

கொடுத்தேன். முதலாளி என்றால் கொஞ்சம் தாராளம் வேண்டாமா? ஏழு பிள்ளைகளுக்கும் வேண்டியதை அவள் என் அட்டையில் வாங்கினாள். வாங்கும்போது பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கட்டைவிரலை வைத்தாள். குமாஸ்தா அட்டையின் நம்பரைப் பார்த்தாரே தவிர, ஆளைப் பார்க்கவில்லை.

வருஷம் முடிந்தது. ரிபேட்டைப் பணமாகக் கொடுக்காமல் எவர்சில்வர் பாத்திரமாகக் கொடுத்தார்கள். பண்டகசாலை வாசலில் பந்தல் போட்டிருந்தது. என் பங்குக்கு மேஜைமேல் ஒரு குடம். மற்றவர்களுக்கெல்லாம் டம்ளர், கிண்ணம். என் பெயரைக் கூப்பிட்டதும் நிதானமாக எழுந்து போனேன். செக்ரட்டரி பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்க வீட்ல எத்தனை பேரும்மா?"

"நாலு பேருங்க."

"நாலு பேருக்கா இவ்வளவு சர்க்கரை?"

"எங்க வூட்டுக்காரரு காபிக்கு சக்கர தூக்கலா போடணுங்க."

வேடிக்கை பார்க்க வந்த அக்கா பின்வரிசையில் சிரித்தது எனக்குக் கேட்டது. செக்ரட்டரி சிரிக்கவில்லை. "இங்க பாருங்க. ஒரு நாள் கையெழுத்து இருக்கு, ஒரு நாள் கைநாட்டு இருக்கு. உங்க அட்டையில வேற யாராவது வாங்கறாங்களா?" என்று கேட்டு, அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினார். பிறரிடம் கொடுத்தால் அட்டை ரத்து, பங்குப் பணமும் திரும்ப வராதாம். எல்லாம் பொடி எழுத்து. முன்பக்கத்தில் என் பெயரைத் தாண்டி நான் எதையும் படித்ததில்லை.

உண்மையைச் சொன்னால் குடம் போகும். குடம் போனால் போகட்டும், அட்டையும் அல்லவா போய்விடும்? பந்தலில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டும் நான்தாங்க," என்றேன். "சில நாளு கையெழுத்து மறந்துபூடுது."

சொல்லும்போதே வாய் கூசியது. மொத்தம் ஐந்து எழுத்து, அது மறந்துபோகுமாம்! அவர் நம்பினாரோ, பாவம் பார்த்தாரோ தெரியாது. "இதுக்கெல்லாம் வெக்கப்படாதீங்கம்மா" என்று மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். இந்தத் தடவை பேனா கேட்க வழியில்லை. கட்டைவிரலை வைத்துக் குடத்தை வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அக்கா குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஊட்டுக்கு வயியாவது ஞாபகம் கீதாமே?"

"பேசாத வாக்கா."

"இதுல பாதி எங்க ஊட்டு சக்கர, தெரியும்ல?"

"எந்தப் பாதி ஓணும், மேல்பாதியா கீழ்பாதியா?"

மறுநாளே சிலேட்டும் பலப்பமுமாக அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். ஏழு பிள்ளை பெற்றவளுக்கு ஐந்து எழுத்து வரவழைக்க முழுசாக ஒரு மாதம் ஆயிற்று. அதுவரைக்கும் அட்டையை அவள் கையில் கொடுக்கவில்லை. அடுத்த வருஷப் பதிவேட்டில் ஒரு கைநாட்டுகூட இல்லை. "பாத்தீங்களா, பழகினா வந்துடுது" என்று செக்ரட்டரி பந்தலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னைப் பாராட்டினார். சரிங்க என்று கேட்டுக்கொண்டேன்.

அக்காவுக்குக் கடைசிவரை தன் பெயரை எழுத வரவில்லை. வேறு எங்கே போனாலும் கட்டைவிரல்தான். என் பெயரை மட்டும் தடங்கல் இல்லாமல் எழுதுவாள். மூன்றாவது எழுத்தில் சுழி கொஞ்சம் பெரிதாகிவிடும். என் கையெழுத்து மாதிரி வராது.