சொத்தும் குடியுரிமையும்

உயர்தரப் பரீட்சையில் கிரேக்க உரோம நாகரிகம் என்று ஒரு பாடம் இருப்பதை நம்பாதவர்கள் கண்டியிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் "மிஸ் என்ன பாடம்?" என்று கேட்பார். சொன்னதும் "அது எதுக்கு?" என்பார். கலைப்பிரிவில் மூன்று பாடம் எடுக்க வேண்டும். இதில் படிக்க வேண்டியது குறைவு என்று யாரோ பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன். பிறகு பிடித்துப்போய்விட்டது. அதற்கு மேல் விளக்கம் சொல்வதை நான் விட்டு நாளாகிறது.

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், கண்டி மஹய்யாவையில் ஒரு வீட்டின் முன் அறையில் இந்தப் பாடத்துக்கு வகுப்பு எடுத்தேன். அப்போது தமிழில் கைக்கு எட்டிய புத்தகம் எதுவும் இல்லை. நூலகத்து ஆங்கிலப் புத்தகங்களை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்து, குறிப்புகளை நானே எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நகரத்தில் ஒரு ஃபொட்டோகொப்பிக் கடையில் அதைப் பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கடைக்காரரும் ஒரு பிரதியை வைத்துக்கொண்டார்.

அந்தக் குறிப்பு என்னை விட வேகமாக ஊர் சுற்றியது. நாவலப்பிட்டிக்குப் போனது, ஹட்டனுக்குப் போனது. பிரதியிலிருந்து பிரதி எடுத்து எடுத்து, என் பெயர் இருந்த முதல் தாள் எங்கோ கழன்றுவிட்டது. சில வருடங்களுக்குப் பிறகு கடைக்காரரே அதைக் கணினியில் அடித்து, நீல அட்டை போட்டுச் சிறு புத்தகமாக்கினார். பெயர் இல்லாவிட்டாலும், நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏதாவது பிள்ளையின் மடியில் நீல அட்டையைக் கண்டால் எனக்கு உள்ளூர ஒரு பெருமை. அந்தப் பிள்ளையிடம் போய், இது நான் எழுதியது என்று சொல்ல வாய் வரும். சொன்னதில்லை.

பிறகு நான் ஆசிரியையானேன். உயர்தர விடைத்தாள் திருத்தும் குழுவிலும் சேர்ந்தேன். நான் சொல்ல வந்தது ஒரு வருடத்துத் திருத்தலைப் பற்றி. எந்த வருடம் என்று சொல்லமாட்டேன்.

கண்டியில் ஒரு பாடசாலை மண்டபம். காலையில் தேநீரும் பணிசும். கட்டுக்கட்டாக விடைத்தாள்கள், பெயர் இருக்காது, சுட்டெண் மட்டும். அந்த முறை ஒரு கேள்வி, ஏதென்ஸ்காரர்கள் ஆளை நாடு கடத்திய முறையைப் பற்றியது. வருடத்துக்கு ஒரு தடவை மக்கள் கூடி, உடைந்த மட்பாண்டச் சில்லில், ஊருக்கு ஆபத்தானவன் என்று தாங்கள் நினைப்பவனின் பெயரைக் கீறிப் போடுவார்கள். ஆறாயிரம் சில்லு சேர்ந்தால் அவன் பத்து நாளுக்குள் கிளம்ப வேண்டும், பத்து வருடம் திரும்பக் கூடாது. குற்றம், விசாரணை, எதுவும் கிடையாது. ஆனால் அவனுடைய சொத்தை யாரும் தொடமாட்டார்கள். குடியுரிமையும் போகாது. பத்து வருடம் முடிந்து வந்தால் வீடு அவன் வீடு, ஊர் அவன் ஊர். எங்களுக்குத் தந்த புள்ளித் திட்டத்தில், கடைசியாகச் சொன்ன இந்த விஷயத்துக்கு இரண்டு புள்ளி.

ஐந்தாவது விடைத்தாளிலோ ஆறாவதிலோ இப்படி எழுதியிருந்தது: "நாடு கடத்தப்பட்டவரின் சொத்தும் குடியுரிமையும் பறிக்கப்பட்டன, அவர் எந்த ஊரையும் தன் ஊர் என்று சொல்ல முடியாதவரானார்." பிழை. சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். அடுத்த தாளிலும் அதே வசனம். அதற்கடுத்ததிலும். காற்புள்ளி கூட அதே இடத்தில். நாலாவது தடவை கோடு போடப் பேனையை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அது என் வசனம். 'எந்த ஊரையும் தன் ஊர் என்று' என்பதை எழுதிய அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பது கூட ஞாபகம் வந்தது.

தலைமைப் பரீட்சகர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். மேசை மேசையாகச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"மிஸ், கவனிச்சியளே? கன பிள்ளையள் ஒரே வசனத்தை எழுதுகினம். ஆரோ ஒருத்தர் நோட் எழுதி மலைநாடு முழுக்க விட்டிருக்கிறார் போல."

"அப்படித்தான் இருக்கும் சேர்," என்றேன். பொய்யில்லை. ஆனால் என் காது சூடாகிவிட்டது.

அன்று பின்னேரம் அவர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "தமிழிலை அச்சடிச்ச புத்தகம் ஏதும் அப்பிடிச் சொல்லுதெண்டா நாளைக்குக் கொண்டு வாங்கோ. பிள்ளையள் அதை நம்பிப் படிச்சிருந்தா, ரெண்டு விடையையும் ஏற்கலாமோ எண்டு மேலிடத்தைக் கேக்கிறன்."

அச்சடித்த புத்தகம் என் வீட்டு அலுமாரியில் இருந்தது. நீல அட்டை. யார் எழுதியது என்று அதில் இல்லை. அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் போதும். இத்தனை பிள்ளைகளுக்கும் இரண்டு புள்ளி கிடைக்கலாம், என் மானமும் தப்பும். இரண்டு புள்ளி என்றால் சிரிப்பவர்களுக்கு இசட் புள்ளி தெரியாது. பல்கலைக்கழகத்துக்குள் போவதும் வெளியே நிற்பதும் தசம தானத்தில் முடிவாகிற நாடு இது.

வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்தேன். நீல அட்டைக்குக் கீழே என் பழைய கொப்பி இருந்தது, முதன்முதலில் பேராதனையில் எழுதியது. பக்கத்தைத் தேடி எடுத்தேன். 'இழக்கவில்லை' என்று எழுதி, அதை வெட்டி, மேலே 'பறிக்கப்பட்டன' என்று எழுதியிருந்தேன். அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. ஆங்கில வசனத்தை நான் சரியாகத்தான் வாசித்திருக்கிறேன். மூன்று தடவை வாசித்தேன். ஆளைத் துரத்திவிட்டு அவன் வீட்டையும் குடியுரிமையையும் பத்திரமாக வைத்திருக்கிற ஊர் ஒன்று இருக்க முடியாது, என் ஆங்கிலம்தான் பிழை என்று முடிவு கட்டி, திருத்தி எழுதியிருக்கிறேன்.

அதே தட்டில்தான் அப்பாவின் குடியுரிமைப் பத்திரமும் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. அப்பா கலஹாவில் பிறந்து, பிறந்த லயத்து வரிசை வீட்டிலேயே வளர்ந்து, அதே தோட்டத்தில் வேலை செய்து, தலை நரைத்த பிறகு அதை வாங்கினார். தோட்டத் தமிழரின் குடியுரிமையைச் சட்டம் போட்டு எடுத்துவிட்டதால், அதுவரை அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. பெரியப்பா குடும்பத்தை அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பியபோது, போனவர்களுக்கு இங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கள் வீட்டில் நாடு கடத்தல் என்றால் அதுதான் அர்த்தம். ஏதென்ஸில் தலைமுறையாக இருந்து, வரி கட்டி, படைக்கும் போய், குடியுரிமை மட்டும் கிடைக்காத வேற்றூர்க்காரர்களைப் பற்றியும் அதே கொப்பியில் ஒரு பகுதி உண்டு. அதில் நான் ஒரு பிழையும் விடவில்லை.

அடுத்த நாள் காலையில் நீல அட்டையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று அப்போதும் எனக்கே தெரியாது. தலைமைப் பரீட்சகர் பக்கத்தைப் புரட்டி, வசனத்தை வாசித்து, தலையாட்டினார்.

"ஓம், இதுதான். இதை வைச்சுக் கேட்டுப் பாக்கலாம். ஆர் எழுதினது?"

"நான்தான் சேர். பிழையா எழுதிட்டேன்."

மண்டபத்தில் பேனைச் சத்தம் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் மிஸ் அப்பிடி எழுதினியள்?"

"புத்தகத்துல சரியாத்தான் சேர் இருந்திச்சு. என்னால நம்ப முடியல."

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவுமில்லை. "முதல்தரம் வாசிக்கேக்கை நானும் நம்பேல்லை," என்றார். "புத்தகத்திலை பிழை எண்டுதான் நினைச்சன். ஆனா நான் இன்னொரு புத்தகத்தைத் திறந்து பாத்தன்."

நீல அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார். எழுதியவளே பிழை என்று சொன்ன பிறகு அது ஆதாரம் ஆகாது. மிச்ச நாட்கள் முழுவதும் என் வசனத்தை நானே சிவப்பால் வெட்டினேன். உண்மையைச் சொன்னதால் மனம் லேசானது என்று எழுத ஆசைதான்; ஆகவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குப் புள்ளி கிடைத்திருக்குமோ என்ற யோசனை இன்றும் போகவில்லை.

திருத்தல் முடிந்த அன்றே ஃபொட்டோகொப்பிக் கடைக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த கிழமை என்றேன். பிறகு பாடசாலை விளையாட்டுப் போட்டி வந்தது, பிறகு மழை வந்தது. மழையைச் சாட்டாகச் சொல்வது கண்டியில் யாருக்கும் எளிது. பெறுபேறு வந்தது. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியும் வந்தது. அதற்குப் பிறகுதான் போனேன். வெட்கம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

பழைய கடைக்காரர் இப்போது இல்லை. மகன் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"வாப்பா காலத்துல இருந்தே இதுதானே மிஸ் ஓடுது," என்றார். "எங்கட கொம்பியூட்டர்ல மாத்தித் தாறேன். மத்தக் கடைகள்ல இருக்கிறத நான் ஒண்ணும் செய்ய ஏலாது."

அவர் கணினியில் பக்கத்தைத் தேட, நான் கையில் இருந்த பிரதியில் வசனத்தை வெட்டிச் சரியானதை எழுதினேன். பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை நின்றாள். கடைவீதியில் ஏதோ உடுப்புக் கடையின் சீருடை. அவள் கையிலும் நீல அட்டை, ஓரமெல்லாம் கசங்கிப் பழசானது. அதில் கிழிந்த பக்கங்களைப் பிரதி எடுக்க வந்திருந்தாள். நான் எழுதியதை எட்டிப் பார்த்தாள்.

"மிஸ், அது பிழைங்களே. வெளிய அனுப்பிட்டு வீட்ட எப்படி வச்சிருப்பாங்க?"

"வச்சிருந்தாங்க. நான்தான் மொதல்ல பிழையா எழுதினேன். இது நான் எழுதின நோட்."

அவள் என்னையும் பிரதியையும் மாறி மாறிப் பார்த்தாள். "பத்து வருசம் கழிச்சு வந்தா எல்லாம் திரும்பக் கெடைக்குமா?"

"கெடைக்கும்."

"போன பரீட்சையில நான் பறிச்சுட்டாங்கன்னு எழுதினேன் மிஸ்."

நான் பேனையை மூடினேன்.

"அதுக்கு எத்தன புள்ளி?"

"ரெண்டு."

அவள் தெருப் பக்கம் திரும்பினாள். "கொஞ்சத்துலதான் போச்சு மிஸ் எனக்கு," என்றாள். "ரெண்டு கூட வேணாம். ஒண்ணு காணும். இந்தத் தடவதான் கடைசி. இதுவும் இல்லாட்டி கடைதான்."

"மன்னிச்சுக்கங்க," என்றேன். இருபது வருடத்தில் எந்தப் பிள்ளையிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. அது போதாது என்று சொல்லும்போதே தெரிந்தது. அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது சரி.

என் பேனையை வாங்கி, தன் கசங்கிய பிரதியில் வசனத்தை வெட்டி, 'சொத்தும் குடியுரிமையும் அவருக்கே இருந்தன' என்று எழுதினாள். எழுதிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இப்ப சரியா மிஸ்?"

"சரி," என்றேன்.

"இன்னொருக்கா பாத்துட்டுச் சொல்லுங்க."

நான் இன்னொருக்கா பார்த்தேன்.