சாயங்காலத்தைத் தாண்ட வைத்த ஸ்டெல்லா மேடம்

சிதம்பரத்தில் பலாப்பழ லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடை குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு மேடம் நடத்திய நம் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிற குமாரி பேசினாள். "அண்ணே, ஸ்டெல்லா மேடம் தவறிட்டாங்க. காலையில நெஞ்சு வலியாம்." வண்டியில் பாதிப் பழம் மிச்சமிருந்தது. பலாவை அப்படியே வெயிலில் விட்டுவிட்டுப் போக முடியாது, பழுத்தது வெடித்துவிடும். முழுசாக இறக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். எத்தனை பழம் இறக்கினேன் என்று கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை.

கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு என்னைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நான் பண்ருட்டியில் மினி லாரி ஓட்டுகிறவன். மனைவி இறந்து, மகனும் துபாய் போனபின் உடம்பு ஊதிக்கொண்டே போனது. ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் கை நுழையாது. இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்றார் கடலூர் டாக்டர். அதற்கு முன்னால் கவுன்சிலிங் தரும் ஸ்டெல்லா மேடத்தைப் பார்க்கச் சொன்னார்.

துணைக்கு மச்சானைக் கூட்டிப் போனேன். அவன் முந்திக்கொண்டான். "மாமா ஒண்ணுமே சாப்பிட மாட்டாரு மேடம். காத்த குடிச்சாலே உடம்பு வைக்கிற ஜாதகம்."

"எனக்கும் அதே ஜாதகம்தான்" என்று சிரித்த மேடம், அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார். "என்ன சாப்ட்டீங்கன்னு கேக்க மாட்டேன். யாரு இல்லாதப்ப சாப்ட்டீங்க?"

நேராகச் சொல்லாமல், திருவந்திபுரத்தில் மகனுக்கு மொட்டை போட்டது, மனைவி புளிசாதத்தைப் பிரித்து முதல் கை எனக்கு வைத்தது என்று எங்கெங்கோ போனேன். அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில்தான் பரோட்டாக் கடை வந்தது. வண்டியை நிறுத்தியதும் வீட்டுக்குப் போகாமல் அங்கேதான் போவேன். மாஸ்டர், "இன்னும் ரெண்டு போடவாண்ணே?" என்பார். நாள் முழுக்க என்னை ஒரு ஆள் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான்.

மேடம் சொன்னார், "கேக்க ஒரு ஆளிருக்குன்னு போறீங்கண்ணே. ஆபரேஷன் வயித்த சுருக்கும். சாயங்காலத்த சுருக்காது."

ஆபரேஷனைச் சில மாதம் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம். "வயித்த அறுக்கறதுக்கு மனச எதுக்கு நோண்டுறீங்க?" என்றேன். "வயிறு சொன்னா கேக்காதுண்ணே. அதான் உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன்" என்றார்.

ஆபரேஷன் முடிந்த பிறகு நாலு வாய்க்கு மேல் இறங்காது. அப்படியும் ஒருநாள் ஆத்திரத்தில் பரோட்டா தின்று, ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். அங்கிருந்தே மேடத்துக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இப்ப கண்ணுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டார். கெடிலம் ஆறு தெரியுது, தண்ணிதான் இல்லை என்றேன். "அதப் பாத்துக்கிட்டு உக்காருங்க. நானும் லைன்ல இருக்கேன்." ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் அவர் போனை வைக்கவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டு வாசலில் நாம் எல்லோரும் தொளதொளத்த சட்டையோடு நின்றோம். சொந்தம் என்று அழ ஒரு தங்கைதான் வந்திருந்தார். "பொழுது சாஞ்சா அக்காவுக்கு லைனே கெடைக்காது. யாரோ பேசிக்கிட்டிருப்பாங்க" என்றார். அந்த யாரோ நாம்தான் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

அடக்கம் முடிந்து பண்ருட்டி திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. கால் பிரேக்குக்குப் போய்விட்டது. எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, ஒரு இட்லியைப் பிட்டுப் பிட்டு மென்றேன். தட்டைக் கழுவி வைத்த பிறகும் பொழுது அப்படியே கிடந்தது. கூப்பிட யாரும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன்.

மனைவி செத்தபோது நான் அழவில்லை, தின்றேன். தின்னாமல் அழத் தெரிந்திருக்கிறது இப்போது. அது மேடம் எனக்கு விட்டுப்போனது.