மூலையுள்ள கிரந்தி

மங்களேஸ்வரி முதலில் கணவாய்க் கறியை விட்டார். பிறகு இறாலை. கடைசியில் கத்தரிக்காயையும். தோல் சிவந்து அரித்துக் கடித்தால் அது கிரந்திச் சாப்பாட்டால்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த இந்த முடிவைப் பற்றி ஒஸ்லோவில் அவர் எந்த டொக்டரிடமும் கேட்கவில்லை.

அங்கே ஸ்டோவ்னர் பகுதியில் பாடசாலை கூட்டித் துடைத்து ஒரு பிள்ளையை எஞ்சினியராக்கியவர். புற்றுநோய் எலும்புக்குப் போன பிறகு, நெஞ்சில் ஒட்டும், வலி அடக்கும் மருந்துப் பிளாஸ்டர்தான் அவரை எழுந்து நடமாட வைத்தது. அதை மாற்றத் தாதி வீட்டுக்கு வருமுன்னரே பழையதைத் தானே உரித்து, குளித்து, பவுடர் அப்பிக்கொண்டு காத்திருப்பார். ஊரார் அழுக்கைத் துடைத்தவர், தன் உடம்பில் பிறர் ஒரு குறை காண விடமாட்டார். தாதியும் பவுடர் படாத இடமாகப் பார்த்துப் புதியதை ஒட்டிவிட்டுப் போவாள்.

ஸ்தவாங்கரிலிருந்து மகன் சேந்தன் லீவில் வந்தபோது தாயின் தட்டில் சோறும் பருப்பும் மட்டுமே இருந்தன. அதிலும் பாதி அப்படியே கிடந்தது.

“ஏனம்மா, கறி ஒண்டும் இல்லையே?”

“கடி தாங்கேலாதடா தம்பி. எல்லாம் கிரந்தி.”

“எங்கை, காட்டுங்கோ.”

“நீ எண்ணெய்க் கிணறு பாக்கிறனி. எப்ப டொக்டர் ஆனனி?”

சட்டைக் கழுத்தை ஒதுக்கினார். பவுடருக்குக் கீழே சிவப்பு. பக்கத்தில் ஆறிவரும் இன்னொன்று. இரண்டுமே நீள்சதுரம்.

“அம்மா, கத்தரிக்காய்க் கிரந்திக்கு நாலு மூலை இருக்குமே?”

குனிந்து பார்த்தார். பிறகு, ஒட்டியிருந்த பிளாஸ்டரைக் கையால் பொத்திக்கொண்டார்.

“கழட்டச் சொல்லிப்போடாதை. நோவு தாங்கமாட்டன்.”

“கழட்டச் சொல்லேல்லை. பசைதான் ஒத்துவரேல்லைப் போல. தாதியிட்டைக் காட்டுவம்.”

அடுத்த முறை பவுடர் இல்லை. தாதி பார்த்து டொக்டரிடம் கதைத்தாள். வேறு பசையுள்ள பிளாஸ்டர் வந்தது. சிவப்பு அடங்கியது.

சேந்தன் குறொன்லாண்ட் கடையில் கத்தரிக்காய் வாங்கி, பொரித்துக் குழம்பு வைத்தான். அவர் ஒரு துண்டை வாயில் வைத்து வெகுநேரம் மென்றார்.

“ருசி தெரியேல்லையடா. நீ சாப்பிடு, நான் பாக்கிறன்.”

கடி நின்றது. பசி திரும்பவில்லை. பங்குனியில் போய்ச் சேர்ந்தார்.

எட்டாம் நாள் எட்டுச்செலவன்று, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கச் சேந்தனின் பெரியம்மா அடுப்படியில் நின்றார்.

“கத்தரிக்காய் வேண்டாம் என்ன? அவளுக்குக் கிரந்தியெல்லோ.”

“இல்லைப் பெரியம்மா,” என்றான் சேந்தன். “வையுங்கோ. இறாலும் வையுங்கோ. கணவாயும்.”