அட்டைப்பெட்டிப் படத்து ரொட்டி

அந்த ரொட்டி வருடக்கணக்காக எங்கள் வீட்டில்தான் இருந்தது, படமாக. ஓர் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் சின்ன ஓவன் ஒன்று கொடுத்தார்கள். பெட்டியைப் பிரிக்கவில்லை. கட்டிலோரம் வைத்து, மேலே ஒரு பழைய துண்டை விரித்து, அதன் மேல் டேபிள் ஃபேனை நிறுத்தினோம். துண்டு மூடாத பக்கத்தில் படம் இருந்தது. மூன்று புரியாகப் பின்னி, முட்டை தடவி, பழுப்பாகப் பளபளக்கும் இனிப்பு ரொட்டி. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை போல.

வேலைக்குப் போய்வந்த நாட்களில் அது கண்ணில் பட்டதே இல்லை. வீட்டில் கிடந்த நாட்களில் கண்ணில் பட்டதெல்லாம் அதுதான்.

கிடந்ததற்குக் காரணம் வலது கை. காருக்குள் ஓடும் வயர்களைக் கொத்தாகக் கட்டித் தரும் கம்பெனி எங்களுடையது. வயரின் முனையைக் கனெக்டருக்குள் தள்ள வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்ததும் 'டிக்' என்று ஒரு சின்ன அதிர்வு வரும். பிறகு லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, டிக், இழு. லைன் ஓடும் இரைச்சலில் அந்த டிக் காதுக்குக் கேட்காது. விரல் நுனிக்குத்தான் கேட்கும். என் விரல்களுக்கு அது கேட்காமல் போயிற்று. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். முதலில் எறும்பு ஊர்ந்தது, பிறகு எறும்பும் போய்விட்டது. தண்டலம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டைத் திறந்து, அமுங்கியிருந்த நரம்பை விடுவித்தார்கள். உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். மாவு பிசையுங்கள், விரலுக்கு நல்லது என்றாள் பயிற்சி கொடுத்த பெண்.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு வீட்டுக்குள் நுழையும்போதே கேட்பார்.

"இன்னாம்மே, வந்துச்சா?"

ஏதோ தண்ணி லாரி வந்ததா என்று கேட்பது போல.

"வரும்" என்பேன். அதற்கு மேல் அவரும் கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன். எழுந்து வாசல் வரை போவேன். வடக்குப்பட்டு ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். திரும்பி வருவேன். உட்காருவேன். எழுவேன். பயமாக இருந்ததா என்றால், இல்லை. அழுகை வந்ததா என்றால், அதுவும் இல்லை. மரத்துப்போனது விரலோடு நின்றுவிட்டதாக டாக்டர் எழுதியிருந்தார். அவர் மணிக்கட்டுக்கு மேலே பார்க்கவில்லை.

மாடி அறையில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரி எங்கள் லைன்தான். நான் லீவில் வந்த பிறகு என் இடத்தில் அவளைத்தான் நிறுத்தியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட வந்தவளிடம் படத்தைக் காட்டி, இதைச் செய்யலாமா என்றேன்.

"எக்கா, ஒங்களுக்கு என்ன ஆச்சு? உப்புமாவே கட்டி கட்டியா கிண்டுவிய."

சொல்லிவிட்டுப் போனில் தேடினாள். மைதா, பால், வெண்ணெய், சர்க்கரை, முட்டை, ஏலக்காய், ஈஸ்ட். ஈஸ்ட் மட்டும் படப்பை போய் வாங்கி வந்தாள். ஃபேனை இறக்கி, பெட்டியைப் பிரித்து ஓவனை வெளியே எடுத்தோம். வெதுவெதுப்பான பாலில் அதைக் கரைத்து வைத்தோம். சற்று நேரத்தில் நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. "உசுரு இருக்குக்கா" என்றாள். நான் பிசைந்தேன். இடது கைக்கு மாவு வெதுவெதுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. வலது கைக்கு ஒன்றும் இல்லை. வேறு யாரோ பிசைவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது மாதிரி.

மாவு உப்பியதும் மூன்றாகப் பிரித்துக் கயிறு கயிறாக உருட்டினேன். பின்னும்போது கைகள் தாமாகவே ஓடின. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் இழுப்பு, ஓர் இறுக்கு. எங்கள் வேலையில் கட்டு தளர்ந்தால் வண்டி குலுங்கும்போது வயர் உரசும், உரசினால் தேயும். டேப்பை இறுக்கிச் சுற்றாத பீஸைத் தரம் பார்க்கும் கியூசி ஆட்கள் தூக்கித் தனிக் கூடையில் போடுவார்கள். முடித்ததும் நுனியைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தேன். தளரவில்லை. திருப்தியாக ஓவனுக்குள் வைத்தேன்.

உள்ளே அது வீங்க இடமில்லாமல் ஒரு பக்கமாக வெடித்தது. வெள்ளை மாவு குடல் சரிந்த மாதிரி வெளியே வந்து, அப்படியே வெந்து நின்றது.

திருநெல்வேலிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இது ரொட்டியா, வயர் கட்டாக்கா? இம்புட்டு இறுக்கிப் பின்னுனா அது எங்கிட்டுப் போயி மூச்சு விடும்?"

வீட்டுக்காரர் ஒரு துண்டை மென்றுவிட்டு, "கியூசி பாஸ் ஆவாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வர வேண்டிய இடம் அது என்று மட்டும் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு லீவின் கடைசி நாள். மறுநாள் லைனுக்குப் போக வேண்டும். சூப்பர்வைசர் போன் செய்திருந்தான், என்னைவிட வயதில் சிறியவன். "அக்கா, நாளிக்கு வந்துடுவீங்கல்ல? உங்க எடம் அப்டியேதான் கீது." அந்த இடத்தில் நான் நின்ற காலத்தில் தரையில் பூசிய மஞ்சள் கோடு என் செருப்பு பட்டு அழிந்திருக்கிறது. அங்கே இருந்து பார்த்தால் கேண்டீன் வாசல் தெரியும். அவ்வளவுதான் அந்த இடம். அதை இழப்பேனோ என்று யோசித்தபோது கூட நெஞ்சில் எதுவும் அசையவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும், யாரும் கேட்காமலே, மீண்டும் மாவு பிசையத் தொடங்கினேன்.

இந்த முறை மாடிக்காரி பக்கத்திலேயே நின்றாள். என் கை இறுக்கப் போகும்போதெல்லாம் புறங்கையில் தட்டினாள். "விடுங்க. விடுங்கங்கேன்." விட்டேன். புரிகளுக்கிடையே ஒரு விரல் போகும் சந்து இருந்தது. இவ்வளவு தொளதொளவென்று ஒன்றைக் கட்டி மேஜை மேல் வைப்பது வெட்கமாக இருந்தது. அது மெல்ல மெல்லப் பெருத்து, சந்துகளை நிரப்பிக்கொண்டது. முட்டை தடவி உள்ளே வைத்தோம். ஏலக்காய் வாசம் வீடு முழுக்க வந்தது. வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

வெளியே எடுத்தேன். பழுப்பாக, படத்தில் இருந்தது போலவே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எக்கா! கையி! கையி!"

பிடித்திருந்த துணி எப்போதோ நழுவியிருந்தது. என் மூன்று விரல்களும் சூடான தட்டின் விளிம்பில் இருந்தன. அவள் தட்டைப் பிடுங்கி மேடையில் வைத்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. நான் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோல் வழுவழுவென்று, யாருடையதோ போல இருந்தது.

வீட்டுக்காரர் என் கையைக் குழாயடியில் பிடித்து வைத்திருந்தார். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து தோசை மாவுப் பாத்திரத்தை எடுத்து, மாவை அள்ளி விரல்களில் அப்பினார்.

"ஜில்லுனு கீதா?" என்றார்.

வழக்கமாகச் சொல்லும் 'வரும்' வாய் வரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்தேன்.

"இல்லங்க."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்ல. ஒண்ணுமே தெரியல."

அவர் மாவுப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார், "முன்னாடியே சொல்லக்கூடாதா, கழுத." திட்டுவது போல இல்லை.

இடது கையால் போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். விரலுக்கு உணர்வு வரவில்லை, கனெக்டர் மாட்ட முடியாது, எனக்கு வேறு வேலை கொடு என்றேன்.

"ஒரு ரெண்டு நாளு லைன்ல நின்னு பாருங்களேங்க்கா."

"பாத்துட்டேம்பா. உக்காந்துச்சா இல்லியான்னே தெரியாம ஒரு பீஸக்கூட அனுப்ப மாட்டேன்."

"சரிக்கா. வாங்க. பேக்கிங்ல கேட்டுப் பாக்கறேன்" என்றான்.

ரொட்டியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். யாரும் கத்தி எடுக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு முனையைப் பிடித்து இழுக்க, புரி நூல் நூலாகப் பிரிந்து வந்தது. வலது கையில் தோசை மாவு காய்ந்துகொண்டிருந்ததால் நான் இடது கையால் எடுத்துச் சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் இடது கையால் சாப்பிட்டதில்லை. இரண்டு பேரும் பார்த்தார்கள், பார்க்காதது போல மென்றார்கள். இனிப்பாக இருந்தது. அது தெரிந்தது.

"அப்ப நாளைக்கும் ஒங்க எடத்துல நாந்தானாக்கா?" என்றாள் மாடிக்காரி. வாயில் ரொட்டி இருந்ததால் குரல் அடைத்தாற்போல் வந்தது.

"நீதான். டேப்ப மட்டும் நல்லா இறுக்கிச் சுத்து. ரொட்டி ஞாபகத்துல விட்டுடாத."

அவள் தலையாட்டினாள். நான் இன்னொரு துண்டைப் பிய்த்தேன்.