இரண்டு நாளும் ஒரே இடத்தில் சிரித்தவர்

ஏகாம்பரம் இறந்துபோன செய்தியை எனக்கு ஒரு சுவரொட்டி சொன்னது. காலையில் காக்களூருக்குச் சைக்கிளில் போகும்போது அரிசி மண்டிச் சுவரில் அது பசை காயாமல் இருந்தது. முக்கால் பங்கு இடத்தில் ஒரு நடிகரின் சிரித்த முகம். அதன் கீழே, ‘எங்கள் அன்புக்குரிய டர்னர் ஏகாம்பரம் மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று இரண்டு வரிகள். அதற்கும் கீழே அந்த நடிகரின் ரசிகர் மன்றத்துச் செயலாளர் பெயர். ஏகாம்பரத்தின் படம் இல்லை. செயலாளரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இறந்தவரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அது சுவரிலேயே இருக்கிறது.

ஏகாம்பரத்தோடு பழகிய உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சுவரொட்டியை நின்று படித்துவிட்டுப் போனீர்கள். நானும் படித்துவிட்டுத்தான் போனேன்.

பம்புசெட்டுக்குத் தண்டு கடையும் பட்டறையில் அவர் லேத் ஓட்டினார். பல்கலைக்கழகப் பட்டத்தோடு வந்த நான் மேற்பார்வையாளன். ஒரு நாள் தண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் என் பக்கம் திரும்பி, இயந்திரத்தைப் பார்க்காமல், தம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதையின் நடுவில் கையை நீட்டி லேத்தை நிறுத்தினார்.

“இன்னா ஆச்சு?” என்றேன்.

“டூலு அழுவுது சார்.”

எனக்கு எந்த அழுகையும் கேட்கவில்லை. கழற்றிப் பார்த்தால் தண்டைச் சீவும் டூலின் முனையில் மயிரிழை அளவுக்கு உடைசல். “கண்ண நம்பாத சார், அது இன்னாத்தையாவது பாத்துக்கினு கெடக்கும். காது அப்படி இல்ல” என்றார். அவருடைய கூலி, அவருடைய மரியாதை எல்லாம் அந்தக் காதில்தான் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே ஒரு டூரிங் கொட்டகை இருந்தது நினைவிருக்கும். அதற்கு ஒரே புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டிய பிறகே அணைப்பார்கள். அங்கே ஒரு திங்கட்கிழமை, சின்ன நடிகர்கள் நடித்த ஒரு நையாண்டிப் படம் வந்தது. நாடகக் கம்பெனியில் உடுப்புத் துவைக்கிற ஒருவன் ராஜா வேடத்து உடையைப் போட்டுப் பார்க்கிறான். ஊர் அவனைக் கதாநாயகன் என்று நம்பித் தேர்தலில் நிறுத்தி மந்திரியாக்குகிறது. ஒரு கிழவி காலிக்குடத்தோடு வந்து கிணறு கேட்கிறாள். அவனுக்குப் பதில் தெரியவில்லை. வாளை உருவி நாடக வசனம் பேசுகிறான். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. கிழவி குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளும் கை தட்டுகிறாள்.

அந்த இடத்தில் கொட்டகையே சிரித்தது. பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. தரையில் உட்கார்ந்திருந்த மன்றச் செயலாளர், சுவரொட்டியில் பெயர் போட்டிருக்கிற அவரேதான், எழுந்து, “ஒன்ஸ்மோர்!” என்று கத்தினார். ஆபரேட்டர் அந்த ரீலை மறுபடி ஓட்டினார். மறுபடியும் சிரித்தோம். திரும்பி வரும் வழியில் ஏகாம்பரம் சொன்னார்: “அந்தக் கெழவி யாரு தெரியுமா சார்? நாமதான். ஊட்டுக்குப் போனா கொடத்துல தண்ணி இல்ல, கைமட்டும் செவந்துகெடக்கு.”

புதன்கிழமை பட்டணத்துத் தலைமை மன்றத்திலிருந்து சேதி வந்தது: படம் நம் தலைவரை, சுவரொட்டியில் சிரிக்கிற அதே நடிகரை, கேலி செய்கிறதாம். படத்தைத் தூக்கிவிடுகிறேன் என்று கொட்டகைக்காரர் கெஞ்சினார். செயலாளர் வேண்டாம் என்றார். “ஓடட்டும். எவன் சிரிக்கிறான்னு பாக்கலாம்” என்றார்.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு ஏகாம்பரம் மறுபடி கிளம்பினார். “இன்னிக்கு வேணாம், பேஜாரு பண்ணுவானுங்க” என்று தடுத்தேன். “அதே படந்தானே சார்? நடுவுல புதுசா எதுனா ஒட்டிட்டானுங்களா?” என்றார். தனியாக விட மனமில்லாமல் கூடப் போனேன்.

திங்கட்கிழமை இருந்த அதே முகங்கள்தாம் இருந்தன. யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேர் கூடியிருந்த இடத்தில் புரொஜெக்டர் ஓடும் சத்தம் மட்டுமே கேட்டது. கிழவி குடத்தைக் கீழே வைத்தாள். ஏகாம்பரம் சிரித்தார். யாருக்கும் சவால் விடுகிற சிரிப்பல்ல அது, திங்கட்கிழமை சிரித்த அதே சிரிப்பு. உடனே ரீல் முடிந்தது. விளக்கு எரிந்தது. எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின.

“எவன்டா சிரிச்சது? எழுந்திரு” என்றார் செயலாளர்.

“நான்தாம்பா. உக்காந்துகினே சொல்றேனே, முட்டி வலி.”

“இன்னாத்தக் கண்டு சிரிச்ச?”

“நீ திங்கக்கெழம இன்னாத்தக் கண்டு சிரிச்சியோ அதத்தான் நைனா. ஒன்ஸ்மோர் கேட்டது நீதானே?”

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் செயலாளரின் கையை ஓங்க வைத்தது. அறை இடது காதில் விழுந்தது. ஏகாம்பரம் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு மணலில் குனிந்தார். ஒரு மூலையில் ஒருவன் கை தட்டினான். பிறகு இருவர். பிறகு கொட்டகை முழுவதும் கை தட்டியது. ஆபரேட்டர் அடுத்த ரீலை மாட்டி விளக்கை அணைத்தார்.

காவல் நிலையத்தில் கேட்டபோது ஒரே இருட்டு, முகம் தெரியவில்லை என்றோம் எல்லோரும். ரீல் மாற்ற விளக்குப் போட்டிருந்தது ஒருவருக்கும் நினைவில் இல்லை.

காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. வலது காது மிச்சமிருந்தது. ஆனால் ஒரு காதை வைத்துக்கொண்டு, பட்டறையின் இரைச்சலில் தம் லேத்தின் குரலைப் பிரித்துக் கேட்க அவரால் முடியவில்லை. அந்த மாதமே நான்கு தண்டுகள் வீணாயின. முதலாளி அவரை வாசல் கேட்டுக்கு மாற்றினார். அவர் லேத்தில் அந்த மன்றத்துப் பையன் ஒருவனை நிறுத்தினார்கள். கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, லாரி வந்தால் திறந்து, போனால் மூடி, கடைசிவரை அதைத்தான் செய்தார். “இன்னா மேஸ்திரி, சினிமாவுக்குப் போலாமா?” என்று மன்றத்துப் பையன்கள் சீண்டுவார்கள். “போலாம்பா. எங்க சிரிக்கணும், எங்க கூடாதுன்னு மொதல்லயே ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடு” என்பார். அவர் சிரிப்பை மட்டும் ஒருவராலும் நிறுத்த முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்தக் கைதட்டலில் என் கையும் இருந்தது. செயலாளர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு முறையோ மூன்று முறையோ தட்டினேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில் குனிந்து கிடந்த ஏகாம்பரம் அதைப் பார்க்கவில்லை.

ஒரு மாலை கேட்டருகே அவருக்கு இடப்பக்கமாக நின்று, “அன்னிக்கு நானும் கை தட்டினேன்” என்று சொன்னேன். எந்தக் காது செத்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்கம் நின்றேன். உதடு அசைந்ததைப் பார்த்துவிட்டார்.

“அந்தக் காதுதான் பூட்ச்சே சார். இப்படி வந்து சொல்லு.”

வலப்பக்கம் போனேன். “டீ சாப்பிடலாமா?” என்று கேட்டேன்.

“இதுக்கா இவ்ளோ மொணமொணப்பு?” என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கொட்டகை இருந்த அதே மைதானத்தில் மன்றம் இரங்கல் கூட்டம் நடத்துகிறது. செயலாளர் தலைமை. அவர் உருக்கமாகப் பேசுவார். நீங்கள் கை தட்டுவீர்கள். நான் வரமாட்டேன். அதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வந்தால் நானும் தட்டுவேன்.

ஏகாம்பரத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, அவருடைய இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையே இருந்த அந்த இரண்டடி. அதை நடந்து கடந்தேன். சொல்ல வேண்டியதை அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்தேன்.