சும்மா இருப்பது எது?

ஹாரன் அக்காவைத் தெரியாதவர்கள் அந்தப் பகுதியில் இருக்க முடியாது. முகம் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரிந்திருக்கும். பதினெட்டு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலை ஏழேகாலுக்கு முதல் ஹாரன். இரண்டாவது ஹாரனுக்குள் பிள்ளை வாசலுக்கு வரவில்லையென்றால் பெற்றவளுக்குத் திட்டு விழும். "ஜடை பின்ன அரை மணி நேரமா? பிள்ளை படிக்கப் போகுதா, போட்டோ எடுக்கப் போகுதா?"

வாய்தான் அப்படி. வேனில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கென்று ஒரு மாற்றுச் சட்டை சீட்டுக்கு அடியில் எப்போதும் துவைத்து மடித்து இருக்கும்.

வேன் அவள் கணவர் வாங்கியது. அவர் போன பிறகு, விற்றுவிடு என்று சொந்தபந்தம் முழுக்க வந்து யோசனை சொன்னது. "யோசனை சொல்ல இத்தனை வாய் வந்தீங்களே, ஓட்ட ஒரு கை வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு அவளே சாவியை எடுத்தாள். அன்று ஒரே ஒருவர்தான் அவள் பக்கம் நின்றார், அவளுடைய அண்ணன். அவர் பெயர்ப்பலகை எழுதுபவர். கடைத்தெருவில் பாதிப் பலகைகள் அவர் கையெழுத்து. வேனின் மஞ்சள் உடம்பில் 'பள்ளி வாகனம்' என்று எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

அந்த அண்ணனுக்குத்தான் இப்போது இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, ஊரின் மறுகோடியில் இருக்கும் மருத்துவமனைக்குப் போய் நாலு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார வேண்டும். இடது கையில் ஊசி ஏறியிருக்கும், அதை அசைக்கக் கூடாது. போக இரண்டு பஸ் மாற வேண்டும், திரும்பும்போது நிற்கவே தெம்பு இருக்காது. இரண்டு முறை போகாமல் விட்டுவிட்டார். மூன்றாவது முறையும் வரவில்லையென்றால் நாற்காலி, காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அப்புறம் அந்த நாற்காலி எப்போது கிடைக்குமோ, அதுவரை அண்ணன் இருப்பாரோ!

"போகட்டும் பாப்பா," என்றார் அண்ணன். நாற்பத்தாறு வயதுத் தங்கையை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். "ஊருக்குப் பாரமா எத்தனை நாள் இழுக்கிறது?"

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. நேராக அறக்கட்டளைக் கூட்டத்துக்குச் சண்டை போடக் கிளம்பினாள். அந்த அறக்கட்டளை கோடீஸ்வரர்கள் நடத்துவது அல்ல. நூலக மாடியில், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகளில், அக்கம்பக்கத்துக்காரர்கள் கூடி அவரவரால் முடிந்ததைப் போட்டு, பகுதிக்கு எது தேவை என்று சேர்ந்து முடிவு செய்வது. மருந்துக்கடைக்கார அம்மாதான் செயலாளர்.

"எல்லாருக்கும் எல்லாம் செய்றீங்களாமே! ஒரு ஆம்புலன்ஸ் வாங்கக் கூடாதா?" என்று நுழைந்ததுமே ஹாரன் அடித்தாள்.

மருந்துக்கடை அம்மா பதறவில்லை. "வாங்குற அளவுக்கு இல்லம்மா. முதல்ல உட்காருங்க. இதை நிரப்புங்க," என்று ஓர் அட்டையை நீட்டினார். அங்கே யாரும் 'எவ்வளவு தருவீர்கள்' என்று கேட்பதில்லை. அட்டையில் ஒரே கேள்விதான்: உங்களிடம் சும்மா இருப்பது எது? பல் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் தன் சிகிச்சை நாற்காலி என்று எழுதியிருந்தார். அச்சகக்காரர் வெட்டி எறியும் காகிதத்தை எழுதியிருந்தார், அது இன்று முன்னூறு பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம்.

"என்கிட்ட என்னங்க சும்மா இருக்கு?" அக்காவுக்கு எரிச்சல். "எட்டரை மணிக்குப் பிள்ளைங்களை இறக்கினா மூணு மணி வரைக்கும் என் வேன்தான் வெயில்ல சும்மா காயுது!"

அறையே திரும்பி அவளைப் பார்த்தது. அவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமே! பெட்ரோல் பங்க்காரர் டீசல் போடுகிறேன் என்றார். மெக்கானிக் மாதம் ஒருமுறை பார்த்துத் தருகிறேன் என்றார். மற்ற வேன் ஓட்டுநர்கள் ஐந்து பேரும் முறை வைத்துக்கொண்டார்கள். காப்பீடும் அனுமதியும் அறக்கட்டளையின் பொறுப்பு. மூன்றே நாளில், அந்தப் பகுதியிலிருந்து டயாலிசிஸுக்குப் போகும் ஆறு பேருக்கும் வண்டி தயார். முதல் நாள் ஓட்டம் ஹாரன் அக்காவுக்கு.

திங்கட்கிழமை. ஒன்பதரைக்குள் ஆறு பேரும் நாற்காலியில் இருக்க வேண்டும். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து ஒவ்வொருவராக ஏற்றினாள். சின்னப் பிள்ளைகளுக்கான சீட், முழங்கால் மோவாயில் இடித்தது. கிழட்டு எலக்ட்ரீஷியன், "ஒண்ணாம் வகுப்புல சேர்ந்துட்டேன்!" என்று சிரித்தார். கல்லூரியில் படிக்கும் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அண்ணனை மட்டும் அண்ணி ஏறக்குறையத் தள்ளித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. உம்மென்று பின்சீட்டில் உட்கார்ந்தார்.

வேன் பறந்தது. அக்காவுக்கு மனசெல்லாம் குதியாட்டம். கடைத்தெரு முனை வந்தது. இடப்பக்கம் திரும்பினால் மருத்துவமனை, வலப்பக்கம் பள்ளிக்கூடம்.

பதினெட்டு வருடப் பழக்கதோஷம். கை வலப்பக்கம் திருப்பியது.

பள்ளிக்கூட வாசலில் வேன் நின்றது. இரண்டு ஹாரன். வாட்ச்மேன் ஓடிவந்து, வழக்கம்போலக் கதவைத் திறந்து, வழக்கம்போல, "மெதுவா இறங்குங்க செல்லங்களா," என்றார். எலக்ட்ரீஷியனின் வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

"அடிப்பாவி மகளே!" அக்கா தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். மணி ஒன்பது பத்து. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஏங்க, யாராவது ஒருத்தர் சொல்லக் கூடாதா?"

"இன்னொருத்தரை ஏத்தப் போறீங்கன்னு நினைச்சோம்," என்றார் எலக்ட்ரீஷியன்.

"எங்க நாற்காலியும் போயிடுமா அக்கா?" என்று கேட்டாள் கல்லூரிப் பெண். "நானும் ரெண்டு தடவை விட்டுட்டேன்."

பின்சீட்டில் அண்ணனின் முகம் சுண்டிப்போனது. "பாப்பா... நீ திரும்பினப்பவே நான் பார்த்தேன்," என்றார். "பேசாம இருந்துட்டேன்."

அக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"என் ஒருத்தன் நாற்காலிதானேன்னு நினைச்சேன். இந்தப் பொண்ணை நினைக்கல." சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "வண்டியை எடு! பாலத்து ரோட்டுல குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்கான், அங்க போகாதே. மெத்தைக்கடைச் சந்துல விடு!"

"அந்தச் சந்துல வேன் நுழையுமாண்ணே?"

"அங்க இருக்கிற பன்னிரண்டு போர்டும் நான் எழுதினது. ஏணி போட்டு ஏணி போட்டு அளந்திருக்கேன். கண்ணாடியை மடக்கு, நுழையும்!"

பள்ளி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த மற்ற வேன் ஓட்டுநர்கள் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடிவந்து தங்கள் வேன்களை ஒதுக்கினார்கள். ஒருவர் வழி விலக்க, பைக்கை எடுத்துக்கொண்டு முன்னால் பறந்தார். சந்துக்குள் அக்கா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மெத்தைக்கடைக்காரர் மெத்தையை உள்ளே இழுத்தார், பாத்திரக்கடைக்காரர் வாளிகளை அள்ளினார். "இடது! நேரே! மிதி பாப்பா, மிதி!" என்று அண்ணன் கத்தினார். அப்பப்பா, அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

ஒன்பது இருபத்தெட்டு. பெயர்ப் பட்டியலும் பேனாவுமாக வாசலில் நின்றிருந்த நர்ஸ் ஆறு தலைகளை எண்ணினார். "எல்லாரும் வந்தாச்சா? உள்ளே போங்க, உள்ளே போங்க!"

அக்கா மூச்சு வாங்க, மாடியில் அண்ணனின் நாற்காலி வரைக்கும் போனாள். இடது கையில் ஊசி ஏறியது. இப்போதுதான் அவளுக்கு வாய் வந்தது. "பார்த்துட்டுப் பேசாம இருந்தியா? நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று அங்கேயே அழுதாள். அண்ணனும் மறைக்காமல் அழுதார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அந்த அட்டை இருக்கா? சும்மா இருப்பது எதுன்னு கேட்குமே, அது."

அவள் பையைத் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மடியில் வைத்து, பலகை எழுதும் அதே அழகில், ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

'வலது கை. திங்கள், புதன், வெள்ளி. நாலு மணி நேரம்.'

"ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதும்பாங்க. எழுதின கை மட்டும் இருக்குமா?" என்றார். "ஆறு வேனுக்கும் முன்னாடி மாட்ட ஒரு பலகை வேணும், பாப்பா. மருத்துவமனை வண்டின்னு பெருசா எழுதித் தர்றேன். அதைப் பார்த்தாவது இடப்பக்கம் திரும்பு."

அக்கா அந்த அட்டையை மூன்று தரம் படித்தாள். கீழே இறங்கி வந்து வேனில் ஏறினாள். எதிர்ச் சுவரில், 'மருத்துவமனை. ஹாரன் அடிக்காதீர்' என்று அண்ணன் கையெழுத்தில் பெரிய பலகை இருந்தது. அதை நேருக்கு நேர் பார்த்தபடி, மாடி வரைக்கும் கேட்கும்படி, நீளமாக ஒன்று அடித்தாள்.