தம்பிக்கென்று திருத்திய சைக்கிள்

செய்தி தொலைபேசியில் வந்தது. வெள்ளவத்தையில் நான் தங்கியிருக்கும் வீட்டில் காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்துக் கணக்குப் பகுதியிலிருந்து சிவம் பேசினார்.

"மெட்டில்டா அக்கா போயிட்டாவாம்."

"எங்கை வெடிச்சது?" என்றுதான் கேட்டேன்.

"வெடிக்கேல்லை. நித்திரையிலை. கார்ட் அட்டாக்காம்."

அதைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் எடுத்தது. இந்த ஊரில் குண்டு வெடிக்காமலும் ஒருவர் இறக்கலாம் என்பது மறந்துபோயிருந்தது. தேநீரை முழுவதும் குடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்தேன். பிறகு சேலை மாற்றிக்கொண்டு அக்காவின் வீடு இருந்த கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றைக்கும் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். மெட்டில்டா அக்கா கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சாளராக இருந்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே சேர்ந்தபோது அவருக்கு அடுத்த மேசை எனக்குக் கிடைத்தது. மதியத்தில் தன் சோற்றுப் பார்சலைத் திறந்ததும் கேட்காமலே ஒரு துண்டு மீனை என் பக்கம் தள்ளுவார். "சாப்பிடு பிள்ளை. மெலிஞ்சு போனா ஐடென்டிட்டி காட்டுல உள்ள மூஞ்சிக்கும் இதுக்கும் பொருந்தாது. பிறகு உன்னையும் பிடிச்சிட்டுப் போவான்" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார்.

"உன்னையும்" என்று அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவரும் தம்பி ரெஜியும் மட்டுமே. ரெஜி ஓர் அச்சகத்தில் வேலை செய்தவர். தகப்பன் விட்டுப்போன பச்சைச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருவார். பொலிசும் ஆமியும் செய்த ஒரு சுற்றிவளைப்பில் அவரை வீதியிலேயே இறக்கிக் கொண்டுபோனார்கள். அக்கா பொலிஸ் நிலையம் நிலையமாக அலைந்தார். எங்கேயும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு நிலையத்தின் பின்வளவில், மழையில் கிடந்த சைக்கிள்களுக்கு நடுவே, அவருடைய சைக்கிள் கிடந்தது.

"தம்பியைத் தாங்க எண்டு போனேன். சைக்கிளைத் தந்தாங்க" என்று என்னிடம் சொன்னார். காற்றுப்போன சில்லுகளோடு அதை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தாராம்.

சில வாரங்களின் பின் ரெஜி எந்தச் சிறையில் இருக்கிறார் என்று தெரியவந்தது. வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. பார்க்கப் போனால் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி, நடுவில் காது கொடுத்து நிற்கும் காவலாளி. சிங்களத்தில்தான் கதைக்க வேண்டும். வீட்டுக் கதை, அயல் கதை, வழக்கறிஞர் கதை எதைப் பேசினாலும் பயம். பேச ஒன்றுமில்லாமல் முதல் இரண்டு தடவையும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்களாம். மூன்றாம் தடவை அக்கா, "ஒன்ட சைக்கிள் செயின் கறள் பிடிச்சுப் போச்சு. என்ன செய்ற?" என்று கேட்டிருக்கிறார். "மண்ணெண்ணெயில ஊறப்போடு" என்றாராம் தம்பி. காவலாளியும் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னானாம்.

அப்படித்தான் அந்த வேலை தொடங்கியது. ஒவ்வொரு முறையும் சொல்வதற்கு ஏதாவது வேண்டுமென்று அக்கா சைக்கிளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினார். செயினை மண்ணெண்ணெய்ப் பேணியில் ஊறவைத்தார். மட்காட்டைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே கிடந்த பச்சையைக் கண்டுபிடித்தார். பஞ்சிகாவத்தையில் பழைய ரிம் தேடினார். மாளிகாவத்தையில் ஒரு முஸ்லிம் நானாவின் சைக்கிள் கடையில் உட்கார்ந்து சில்லுக்குக் கம்பி இழுத்துக் கட்டப் பழகினார். ஒருநாள் பிரேக் கட்டைகளைக் கைப்பையில் கொண்டுவந்து, மதிய இடைவேளையில் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் அடித்த கடிதத்தின் ஓரத்தில் கிறீஸ் விரலடையாளம் இருந்தது. மனேஜர் கூப்பிட்டு ஏசினார். திரும்பி வந்து மறுபடி அடித்துக் கொடுத்தார்.

ரெஜி மூன்றாம் வருஷம் விடுதலையானார். குற்றம் எதுவும் இல்லையென்று சொல்லி விட்டார்கள். சைக்கிள் முன்னறையில் தயாராக நின்றது. அவர் சீற்றைத் தடவிப் பார்த்தாராம், பெல்லை ஒருமுறை அடித்தாராம், பிறகு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாராம். அதன்பின் வீட்டுப் படியைத் தாண்டவில்லை. வீட்டுக்கு முன்னால் உள்ள சின்ன ஒழுங்கையில் ஜீப் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். கோயிலுக்கும் வரமாட்டார். அச்சகத்தில் திரும்ப எடுப்பதாகச் சொன்னார்கள், அதற்கும் போகவில்லை. அக்கா ஒருநாளும் அவரை வற்புறுத்தியதில்லை. "அவன் வந்ததே பெரிசு" என்பார்.

மாதங்கள் கழிந்தன. ஒரு திங்கட்கிழமை அக்கா முழங்காலில் கட்டோடு அலுவலகத்துக்கு வந்தார். முகத்தில் நான் அதுவரை காணாத சந்தோஷம்.

"என்ன நடந்தது அக்கா?"

"சைக்கிள் ஓடினேன்."

"உங்களுக்கு ஓடத் தெரியுமே?"

"எங்க தெரியும்? பூசை முடிஞ்சு வந்து, வெளிய எடுத்து ஏறினேன். நேரா ஊத்தைத் தண்ணி ஓடுற கானுக்குள்ள. ஒழுங்கையே சிரிக்குது. ரெஜி ஓடி வந்தான். என்னையா தூக்கினான்? சைக்கிளைத்தான் முதல்ல தூக்கினான். ஹாண்டில் வளைஞ்சிட்டுதுண்டு ஏசுறான்!"

அதன்பின் ஞாயிறுதோறும் அக்கா சைக்கிள் பழகினார். வெள்ளைக் கவுனோடு அவர் ஆடி ஆடிப் போக, சீற்றைப் பிடித்துக்கொண்டு ரெஜி பின்னால் ஓடுவார். நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒழுங்கை முடியும் இடம்வரை போய்த் திரும்புவார்கள். பெரிய வீதிக்கு ஏறமாட்டார்கள். அங்கே ஆட்களை மறித்துச் சோதிக்கும் ஆமிச் சென்றி இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் இது நடந்தது. "இவ்வளவு நாளாகியும் பழகேல்லையே அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகிக்கொண்டே, "பழகிட்டா அவன் உள்ள போயிடுவானே" என்றார்.

அக்காவின் அடக்கம் செவ்வாய்க்கிழமை பிற்பகல் நடந்தது. பெட்டிக்குப் பின்னால் நடந்தே மாதம்பிட்டி மயானத்துக்குப் போனோம். ரெஜி முன்னால் நடந்தார். அவர் வருவாரா என்று யாரும் கேட்கவில்லை. ஒழுங்கை முடிந்து பெரிய வீதிக்கு ஏறியதும் சென்றியில் மறித்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் ரெஜியின் முன்னால் வந்து நின்றான்.

"கொஹேத யன்னே?"

எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறான். பெட்டி கண் முன்னால் இருக்கிறது. ரெஜி சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். அதை நீட்டிக்கொண்டே சிங்களத்தில் பதில் சொன்னார்.

"அக்காவ வளலன்ன யனவா, மாத்தயா."

அக்காவைப் புதைக்கப் போகிறேன் என்றார். சிப்பாய் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். நாங்கள் நடந்தோம்.

மண் போட்டு முடிந்து ஆட்கள் கலைந்தபோது ரெஜி என்னிடம் வந்தார். "நீங்க வெள்ளவத்தைக்குப் போகணும் தானே மிஸ். இங்கால பஸ் குறைவு. பஸ் எடுக்கிற இடம்வரை நான் கூட வாறேன்" என்றார். தரிப்பிடம்வரை கூட நடந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஜீப்புகள் எங்களைக் கடந்து போயின. முதலாவது போகும்போது அவர் என் குடையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வரும்போது விட்டுவிட்டார். பஸ் வந்து நான் ஏறியபின்னும் அங்கேயே நின்றார். யன்னலால் பார்த்தேன். சனம் நிறைந்த வீதியோரத்தில், கறுப்புப் பட்டி குத்திய வெள்ளைச் சட்டையோடு, வீடு இருந்த பக்கம் திரும்பி அவர் நடக்கத் தொடங்கினார்.

மெட்டில்டா அக்கா, இதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன், சொல்லிவிட்டேன். இனி நிம்மதியாகத் தூங்குங்கள்.